வெங்காரத்துக்குள் இருக்கும் நீர்

பொற்கொல்லர் பட்டறைகளில் வெங்காரத்தை நீர்விட்டுக் கல்லில் உரைத்து, பற்றவைக்க வேண்டிய இணைப்பில் அந்தக் குழம்பைத் தடவுவது வழக்கம். ஊதுகுழலின் சுடர் பட்டதும் அது முதலில் சலசலத்துப் பொங்கும். பொரியைப்போல் வெளுத்து உப்பும். பின்பு அடங்கி, உருகிய கண்ணாடியாகி, பொன்னில் கலந்த செம்பு சூட்டில் உண்டாக்கும் கறையைக் கரைத்துக்கொண்டு பரவும். சித்த மருத்துவத்தில் இதே வெங்காரத்தைச் சட்டியிலிட்டு, ஈரம் முழுவதும் நீங்கி மலரும்வரை பொரித்துச் சுத்தி செய்வார்கள். இரண்டு இடங்களிலும் பொங்கி வெளியேறுவது நீர். கையில் எடுத்தால் உலர்ந்த உப்புக்கல்லாகத் தோன்றும் வெங்காரத்தின் எடையில் ஏறத்தாழ 47 விழுக்காடு நீர்தான். சோடியம் டெட்ராபோரேட்டின் ஒவ்வோர் அலகும் பத்து நீர் மூலக்கூறுகளைத் தன் படிகக் கட்டமைப்புக்குள் பிடித்து வைத்திருக்கிறது.

எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக நீரைச் சுமந்திருக்கும் இந்தக் கல், உலகின் மிக வறண்ட நிலங்களிலேயே கிடைக்கிறது. கலிபோர்னியாவின் மொஹாவி பாலை, நெவாடாவின் உப்புத் தரைகள், ஆண்டிஸ் மலைகளின் உயர்ந்த சமவெளிகள், அனத்தோலியாவின் வறண்ட மேட்டுநிலம், திபெத், லடாக். இந்த முரணின் விடையை வேதியியலில் தொடங்கி நிலவியலில்தான் முடிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். வெங்காரத்துக்கு வடமொழியில் டங்கணம் என்று பெயர். அந்தச் சொல் வணிகர் வழியாக மேற்கே சென்று 'டிங்கல்' ஆயிற்று. இயற்கையில் கிடைக்கும் கச்சா வெங்காரத்தை ஐரோப்பிய வணிகர் பல நூற்றாண்டுகளாக அப்பெயராலேயே அழைத்தனர். வெங்காரப் படிகத்தை உலர்ந்த காற்றில் வைத்தால் அது தன் நீரில் பாதியை இழந்து, வெளிறி, சுண்ணாம்புத்தூள்போல் உதிரத் தொடங்கும். அப்படி மாறிய பொருளுக்குக் கனிமவியலாளர் இட்ட பெயர் டிங்கல்கோனைட். டங்கணத்தின் வழிவந்த சொல்லுடன் தூள் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லைச் சேர்த்தது. அருங்காட்சியகங்களில் 'போராக்ஸ்' என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கும் பல மாதிரிகள், சுரங்கத்திலிருந்து வந்த நாளில் பளிங்குபோல் தெளிந்திருந்து, இன்று வெள்ளைப் பொடி பூத்து நிற்பவை. சீட்டு சொல்வது ஒன்று; பெட்டிக்குள் இருப்பது மற்றொன்று.

டங்கணம் வடமொழியில் வழங்கியதற்குக் காரணம் இந்தியாவின் வடக்கு எல்லையிலேயே அது கிடைத்ததுதான். லடாக்கின் சாங்தாங் பகுதியில், கடல்மட்டத்திலிருந்து 4,400 மீட்டர் உயரத்தில் பூகா என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. சுற்றிலும் குளிர்ப்பாலை, நடுவே கொதிநிலையை நெருங்கும் வெந்நீர் ஊற்றுகள். அந்த உயரத்தில் நீர் 85 பாகை செல்சியசை ஒட்டியே கொதித்துவிடும். ஊற்றுநீர் தரையில் பரவி உலரும் இடங்களில் வெள்ளை ஏடாக வெங்காரமும், ஆங்காங்கே மஞ்சளாகக் கந்தகமும் படிகின்றன. பூகாவிலும் திபெத்தின் ஏரிக்கரைகளிலும் சுரண்டி எடுத்த வெங்காரம், செம்மறி ஆடுகளின் முதுகில் இருபுறமும் தொங்கும் சிறு பைகளில் இமயமலைக் கணவாய்களைக் கடந்து சமவெளிக்கு இறங்கியது. அங்கிருந்து கல்கத்தாத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியின் டஸ்கனியில் நிலத்திலிருந்து பீறிடும் நீராவியிலிருந்து போரிக் அமிலம் எடுக்கத் தொடங்கினார்கள். அதன் பின்னர் கலிபோர்னிய வெங்காரமும் சந்தையை நிறைத்தது. ஆடுகள் சுமந்த வணிகம் சுருங்கிப்போயிற்று. பூகாவில் இன்று எழுபதாயிரம் டன்னுக்குச் சற்று மேற்பட்ட வெங்காரம் இருப்பதாக அரசின் கனிமக் கணக்கு காட்டுகிறது. அங்கே சுரங்கம் எதுவும் இல்லை. கேரம் பலகையில் தூவும் போரிக் தூளிலிருந்து, குரும்பை கொட்டும் தென்னைக்கு வேளாண் அலுவலர் பரிந்துரைக்கும் போராக்ஸ் வரை, இந்தியா பயன்படுத்தும் போரானின் மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்தே வருகிறது.

போரான் உண்மையிலேயே அரிய தனிமம். கார்பனும் ஆக்சிஜனும் இரும்பும் விண்மீன்களின் உலையில் உருவானவை. போரான் அந்த உலையில் நிலைக்காது; உருவானாலும் எரிந்துபோகும். அண்டக் கதிர்கள் விண்வெளியில் கார்பன், ஆக்சிஜன் அணுக்கருக்களை மோதி உடைக்கும்போது சிதறும் துண்டுகளே இன்று நிலத்தில் இருக்கும் போரானில் பெரும்பகுதி. புவியின் மேலோட்டில் அதன் சராசரி அளவு பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு மாத்திரம். இவ்வளவு சிதறிக் கிடப்பதைச் சுரங்கம் தோண்டும் அளவுக்கு ஓரிடத்தில் குவிக்க, இயற்கை நீண்டதொரு பாதையில் வேலை செய்திருக்கிறது.

அந்தப் பாதை எரிமலையில் தொடங்குகிறது. பாறைக்குழம்பு குளிர்ந்து கனிமங்களாக இறுகும்போது, பெரும்பாலான கனிமங்களின் கட்டமைப்பில் போரானுக்கு இடம் கிடைப்பதில்லை. அது எஞ்சிய குழம்பிலேயே தங்கி, இறுதியில் ஆவியோடும் வெந்நீரோடும் வெளியேறுகிறது. ஆகவே எரிமலைச் சாம்பலும் வெந்நீர் ஊற்றுகளும் உள்ள இடங்களில் போரான் நிலத்தின் மேற்பரப்பை எட்டுகிறது. எட்டியதெல்லாம் தங்கிவிடுவதில்லை. போரேட்டுகள் நீரில் எளிதாகக் கரைபவை. ஓர் ஆறு இருந்தால் போதும், கடலுக்குப் போய்விடும். கடலில் லிட்டருக்கு நான்கரை மில்லிகிராம் அளவில் போரான் கரைந்து கிடக்கிறது. யாருக்கும் எடுக்க இயலாத செல்வம் அது.

கடலுக்குப் போகாமல் இருக்க, நீருக்கு வெளியேறும் வழி இருக்கக் கூடாது. நிலம் பிளந்து, ஒரு பகுதி தாழ்ந்து, சுற்றிலும் மலை எழுந்து, உள்ளே வரும் ஓடைகள் எல்லாம் நடுவில் ஓர் ஏரியில் முடிந்துவிடும் வடிநிலமாக அது அமைய வேண்டும். வானம் வறண்டிருக்க வேண்டும். பெய்வதைவிட ஆவியாவது மிகுந்திருக்க வேண்டும். அப்போது ஏரிநீர் ஆண்டுக்கு ஆண்டு செறிவடைந்து, முதலில் சுண்ணமும், பிறகு பிற உப்புகளும் படியும். கால்சியம் மிகுந்த ஓடைநீர் கலக்கும் கரையோரத்தில் கோல்மனைட் போன்ற கால்சியம் போரேட்டுகள். சற்று உள்ளே சோடியமும் கால்சியமும் சேர்ந்த யுலெக்சைட். சோடியம் செறிந்த நடுப்பகுதியில் வெங்காரம். பழைய ஏரிப்படுகைகளை வெட்டிப் பார்த்தால் இந்த வளைய ஒழுங்கு தெரிகிறது. ஏரியின் கரை எது, நடு எது என்று கனிமமே சொல்லிவிடும்.

இவ்வளவும் நடந்தபின் இன்னொரு தேவை மீதமிருக்கிறது. படிந்த வெங்காரத்தை அடுத்து வரும் மழைக்காலம் கரைத்துவிடாமல் ஏதேனும் ஒன்று மூட வேண்டும். அதைச் செய்வது களிமண். ஏரியின் அடியில் படியும் நுண்சேறு, நீர்புகாத உறையாக உப்பின் மேலும் கீழும் அமைகிறது. உலகின் பெரிய போரேட் படிவுகள் அனைத்தும் நிலவியல் கணக்கில் இளையவை. மயோசீன் காலத்துக்கு உட்பட்டவை, அதாவது ஏறத்தாழ இரண்டு கோடியே முப்பது இலட்சம் ஆண்டுகளுக்குள் அடங்குபவை. அதற்கு முன்பும் வறண்ட ஏரிகளும் எரிமலைகளும் இருந்திருக்கும். அவற்றின் வெங்காரம் மிஞ்சவில்லை. வடகிழக்குச் சீனத்தில் மிகப் பழைய போரேட்டுகள் உள்ளன. அவை வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி, எளிதில் கரையாத வேறு கனிமங்களாகிவிட்டதால் தப்பியவை. மற்றவற்றை நீர் திருப்பி எடுத்துக்கொண்டது என்றே கொள்ள வேண்டும்.

இந்தப் பின்னணியோடு மொஹாவிப் பாலையின் வடக்கே உள்ள மரணப் பள்ளத்தாக்குக்குப் போனால், அங்கு நடந்தவை வேறு விதமாகத் தெரியும். டெத் வேலி என்ற பெயரில் உலகமறிந்த அந்தப் பள்ளம் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அதன் தரையில் பஞ்சுருண்டைகள்போல் வெள்ளை யுலெக்சைட் கொத்துகள் மண்ணோடு கலந்து கிடந்தன. 1881இல் ஏரன் வின்டர்ஸ், ரோசி என்ற தம்பதியர் அந்த வெள்ளைப் பொருளைக் கந்தக அமிலமும் சாராயமும் சேர்த்துக் கொளுத்திப் பார்த்தனர். சுடர் பச்சையாக எரிந்தது. போரான் இருப்பதற்கான அடையாளம் அது. அவர்களிடமிருந்து உரிமையை 20,000 டாலருக்கு வாங்கியவர் சான் பிரான்சிஸ்கோ வணிகர் வில்லியம் டெல் கோல்மன். ஹார்மனி வெங்கார ஆலை 1883இல் இயங்கத் தொடங்கியது.

ஆலையின் வேலைமுறை எளிது. தரையிலிருந்து வாரி எடுத்த யுலெக்சைட்டைக் கொதிநீரில் இட்டுச் சோடா சேர்ப்பார்கள். கால்சியம் சுண்ணமாகப் பிரிந்து அடியில் தங்கும். வெங்காரம் கரைசலில் நிற்கும். தெளிந்த கரைசலைத் தொட்டிகளுக்கு மாற்றி, உள்ளே இரும்புக் கம்பிகளைத் தொங்கவிடுவார்கள். சூடு ஆற ஆறக் கம்பிகளில் வெங்காரம் படிகமாக ஒட்டிக்கொள்ளும். வெந்நீரில் மிகுதியாகவும் தண்ணீரில் குறைவாகவும் கரையும் அதன் இயல்பே இந்த முறையின் அடிப்படை. கோடையில் அந்தப் பள்ளத்தாக்கின் வெம்மையில் தொட்டிநீர் படிகம் உண்டாகும் அளவுக்கு ஆறவே ஆறாது. ஆகவே கோடை மாதங்களில் தெற்கே அமர்கோசாவில் இருந்த மற்றோர் ஆலைக்கு வேலையை மாற்றிவிடுவார்கள். ஆலைக்குத் தீவனமும் உணவும் விளைவிக்க அருகில் ஏற்படுத்திய கிரீன்லாந்து பண்ணையில்தான், 1913 ஜூலை 10 அன்று 56.7 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. அந்த அளவீட்டின் துல்லியம் குறித்து வானிலையாளரிடையே ஐயம் உண்டு. ஆயினும் புவியின் மிக உயர்ந்த வெப்பநிலை என்ற இடத்தில் அதுவே இன்னும் நிற்கிறது.

அந்த உப்புத் தரையில் குனிந்து யுலெக்சைட்டை வாரியவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். ஆலையில் ஏறத்தாழ நாற்பது பேர். நாளொன்றுக்கு மூன்று டன் வெங்காரம். கூலி நாளுக்கு ஒன்றரை டாலருக்கும் குறைவு. அதிலும் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் பிடித்தம் போகும். அவர்கள் அந்த வேலைக்கு வந்த காலமும் கவனிக்கத்தக்கது. 1882இல் அமெரிக்க நாடாளுமன்றம் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் நுழைவதைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. அது 1943 வரை நீங்கவில்லை. வெளியே போனால் திரும்பி வருவது உறுதியில்லை. உள்ளே இருந்தால் குடியுரிமை இல்லை.

அந்த ஆலையின் நினைவாக உலகம் வைத்துக்கொண்டது கோவேறு கழுதைகளை. வெங்காரத்தை ஆலையிலிருந்து மொஹாவி இரயில் நிலையத்துக்குக் கொண்டுபோக 165 மைல், அதாவது ஏறத்தாழ 265 கிலோமீட்டர். பத்து நாள் பயணம். பதினெட்டுக் கோவேறு கழுதைகளும் இரண்டு குதிரைகளும் நீண்ட சங்கிலியில் இணைந்து, ஆளுயரத்துக்கும் மேற்பட்ட பின்சக்கரங்கள் கொண்ட இரண்டு வண்டிகளை இழுத்தன. ஒவ்வொரு வண்டியிலும் ஒன்பது டன் வெங்காரம். அவற்றின் பின்னால் 4,500 லிட்டர் கொள்ளும் தண்ணீர்த் தொட்டி. மொத்த எடை முப்பத்து மூன்று டன்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பதினெட்டு டன் வெங்காரத்தில் 47 விழுக்காடு நீர் என்றால், எட்டரை டன். பின்னால் வந்த தொட்டியில் இருந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீர், யாரும் குடிக்க முடியாத வடிவில் முன்வண்டிகளிலேயே இருந்தது. தாகத்தால் பெயர் பெற்ற ஒரு பள்ளத்தாக்கைக் கடந்து அந்த விலங்குகள் இழுத்துச் சென்ற சுமையில் பெரும்பங்கு நீர்தான். பிற்காலத்தில் வெங்காரத்தைச் சூடாக்கி நீரைப் பாதியளவோ முழுவதுமோ நீக்கி விற்கும் முறை பரவியதற்கு இந்தச் சுமைக்கூலிக் கணக்கே முதன்மையான காரணம்.

கோவேறு கழுதை வண்டிகள் ஓடியது 1883 முதல் 1889 வரை, ஆறு ஆண்டுகளே. கோல்மன் 1888இல் கடனில் மூழ்கினார். அவருடைய உடைமைகளை வாங்கிய பிரான்சிஸ் மேரியன் ஸ்மித் 1890இல் பசிபிக் கோஸ்ட் போராக்ஸ் நிறுவனத்தை உருவாக்கினார். அந்த நிறுவனத்தின் விளம்பரப் பணியில் இருந்த ஸ்டீபன் மாதர் என்பவர் இருபது கோவேறு கழுதைகளைச் சலவைத்தூள் பெட்டியின் சின்னமாக நிலைநாட்டுவதில் பெரும்பங்கு வகித்தார். பின்னாளில் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநரானவரும் அவர்தான். வண்டிகள் நின்றுபோன பிறகு பொருட்காட்சிகளில் அவற்றை மீண்டும் ஓட்டிக் காட்டினார்கள். 1930இல் நிறுவனத்தின் ஆதரவில் மரணப் பள்ளத்தாக்குக் கதைகள் வானொலித் தொடராயின. பிறகு தொலைக்காட்சிக்கும் வந்தன. 1960களில் சில காலம் அதைத் தொகுத்து வழங்கியவர் ரொனால்டு ரேகன்.

கனிமங்களின் பெயரிலும் இதே தேர்வு தெரிகிறது. கோல்மனைட், ஆலை முதலாளியின் பெயர். யுலெக்சைட், ஜெர்மானிய வேதியியலாளர் ஒருவரின் பெயர். சியர்லசைட், உப்பு ஏரி ஒன்றில் வெங்காரத் தொழில் தொடங்கிய ஜான் சியர்லசின் பெயர். பள்ளத்தாக்கின் தரையை வாரியவர்கள் பெயரில் கனிமம் எதுவும் இல்லை. விலங்குகளின் உழைப்பைக் கொண்டாடுவதில் தவறு காண வேண்டியதில்லை. அவை இழுத்தது உண்மை. ஆனால் சுமையை ஏற்றுவதற்கு முன்பு அதை மண்ணிலிருந்து பிரித்தவர்களைத் தவிர்த்துவிட்டு வண்டியிலிருந்து கதையைத் தொடங்குவது ஒரு விற்பனை முடிவு. அதை வரலாறாக ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

மரணப் பள்ளத்தாக்கின் காலத்தை முடித்துவைத்தது ஒரு கிணறு. 1913இல், அதாவது கிரீன்லாந்து பண்ணையில் அந்த வெப்பம் பதிவான அதே ஆண்டில், ஜான் சக்கோ என்ற மருத்துவர் மொஹாவிப் பாலையில் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டார். துளையில் வந்தது கோல்மனைட். ஏரியின் வளைய ஒழுங்கை அறிந்தவருக்கு இதன் பொருள் உடனே விளங்கும்: கோல்மனைட் கரையோரத்துக் கனிமம், எனில் பக்கத்தில் எங்கோ ஏரியின் நடு இருக்க வேண்டும். அடுத்த பத்தாண்டுகளில் அதுவும் கிடைத்தது. களிமண் உறைக்குள், தடித்த பாளமாக, கண்ணாடிபோல் தெளிந்த வெங்காரம். அதன் அடிப்பகுதியில் அதுவரை அறியப்படாத ஒரு கனிமமும் இருந்தது. ஆழத்தில் புதைந்த வெங்காரம், புவியின் சூட்டில் தன் பத்து நீர் மூலக்கூறுகளில் ஆறை இழந்து மாறிய வடிவம் அது. கெர்ன் மாவட்டத்தின் பெயரால் 1927இல் அதற்குக் கெர்னைட் என்று பெயரிட்டார்கள். பொற்கொல்லரின் சுடரில் நொடியில் நடப்பதை நிலத்தின் ஆழம் மெதுவாகப் பாதியளவு செய்து வைத்திருந்தது.

கெர்னைட்டில் நீர் 26 விழுக்காடுதான். அதே எடையில் போரான் மிகுதி. இரயில் பாதையும் அருகிலேயே இருந்தது. நிறுவனம் 1927ஐ ஒட்டி மரணப் பள்ளத்தாக்கை விட்டு இங்கே இடம் மாறியது. நிலத்தடிச் சுரங்கமாகத் தொடங்கியது 1957இல் திறந்தவெளிச் சுரங்கமாயிற்று. பக்கத்தில் எழுந்த ஊருக்குப் பெயரே போரான். இன்று ரியோ டின்டோ நிறுவனத்தின் கையில் உள்ள அந்தக் குழி கலிபோர்னியாவின் மிகப் பெரிய திறந்தவெளிச் சுரங்கம். 2010 ஜனவரி இறுதியில் ஒப்பந்தப் பேச்சு முறிந்தபோது நிறுவனம் ஏறத்தாழ 570 தொழிலாளரை வெளியே நிறுத்திக் கதவடைத்தது. மே மாதத்தில்தான் உடன்பாடு வந்தது. ஊருக்குச் சுரங்கத்தைத் தவிர வேறு பெரிய வேலையிடம் இல்லாத நிலையில், அந்த மூன்றரை மாதங்களில் தொழிற்சங்கம் உணவுப் பொருள்களை வண்டிகளில் கொண்டுவந்து இறக்கியது.

துருக்கியைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். உலகின் போரேட் இருப்பில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் மேற்கு அனத்தோலியாவில்தான் இருக்கிறது. கிர்க்காவில் வெங்காரம், எமெட்டிலும் பிகாதிச்சிலும் பெரும்பாலும் கோல்மனைட். அங்கும் மயோசீன் ஏரிகள், அங்கும் எரிமலைச் சாம்பல், அங்கும் களிமண். 1978இல் சுரங்கங்களை அரசு தேசியமயமாக்கியது. அன்று முதல் போரேட் துருக்கியில் அரசுத் தொழில். எமெட்டின் படிவுகளில் போரானோடு ஆர்செனிக் கனிமங்களும் கலந்திருக்கின்றன. அப்பகுதியின் நிலத்தடி நீரில் ஆர்செனிக் மிகுந்திருப்பதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. எரிமலை வெந்நீர் போரானை மட்டும் பிரித்து எடுத்து வருவதில்லை. அதனோடு லித்தியமும் வரும், ஆர்செனிக்கும் வரும்.

அந்த லித்தியம்தான் இப்போது மீண்டும் நெவாடாவை நோக்கிச் சுரங்கத் தொழிலைத் திருப்பியிருக்கிறது. எஸ்மரால்டா மாவட்டத்தில் ரயோலைட் ரிட்ஜ் என்ற மலைச்சரிவில், ஏறத்தாழ அறுபது இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய ஓர் ஏரியின் படிவுகள் சாய்ந்து வெளியே தெரிகின்றன. அவற்றில் லித்தியமும் போரானும் ஒன்றாக இருக்கின்றன. போரான் பெரும்பாலும் சியர்லசைட் வடிவில். மின்கலங்களுக்கு லித்தியமும் கண்ணாடிக்குப் போரானும் ஒரே குழியில் கிடைப்பது அரிது என்பதால் அயனீர் என்ற நிறுவனம் அங்கே சுரங்கம் அமைக்க முனைந்தது.

அதே படிவு மண்ணில் ஒரு செடி வளர்கிறது. டீம்ஸ் பக்வீட் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் அது, 1983இல் தாவரவியலாளர் ஜெர்ரி டீம் கண்டெடுத்த சிறு செடி. தரையோடு ஒட்டிய சாம்பல்நீல இலைகள், மெலிந்த காம்பின் நுனியில் வெளிர்மஞ்சள் நிறத்தில் உருண்டைப் பூக்கொத்து. போரானும் லித்தியமும் மிகுந்த, மற்ற பெரும்பாலான செடிகளுக்கு நஞ்சாகும் அந்த மண்ணே அதற்கு வீடு. உலகில் வேறெங்கும் அது இல்லை. அது வாழும் நிலத்தின் மொத்தப் பரப்பு பத்து ஏக்கர் அளவே. வறண்டுபோன ஏரி விட்டுச்சென்ற உப்பைப் பகைவராகக் கருதாமல் பழகிக்கொண்ட உயிர். அந்த உப்பை எடுத்தால் அதற்குப் போக இடமில்லை.

2022 டிசம்பரில் அமெரிக்க மீன் மற்றும் காட்டுயிர்த் துறை அதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்து, 910 ஏக்கரை அதன் முக்கிய வாழிடம் என்று வரையறுத்தது. நிறுவனம் செடிகள் நிற்கும் இடத்தையே தோண்டாதபடி குழியின் எல்லையை மாற்றி வரைந்தது. 2024 அக்டோபரில் நடுவண் அரசு சுரங்கத்துக்கு ஒப்புதல் தந்தது. வரையறுத்த வாழிடத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அத்திட்டத்தால் பாதிக்கப்படும். சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. புகையில்லா வண்டிகளுக்காக ஓர் இனத்தைப் பணயம் வைக்கலாமா என்று ஒரு தரப்பும், காலநிலை மாற்றமே எல்லா இனங்களையும் பணயம் வைக்கிறதே என்று மறு தரப்பும் வாதிடுகின்றன. இரண்டாம் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் லித்தியம் வேறு இடங்களிலும் உண்டு, போரான் வேறு இடங்களிலும் உண்டு. அந்தச் செடிக்கு மட்டும் வேறு இடம் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கும்போது இந்த வேறுபாட்டை எடைக்குள் சேர்க்காமல் விடுவது நேர்மையாகாது.

ஒப்புதலுக்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2020 செப்டம்பரில், அந்தச் செடிகளில் 17,000க்கும் மேற்பட்டவை பறிக்கப்பட்டும் சிதைக்கப்பட்டும் கிடந்தன. மண்ணில் குழிகள், வேர்கள் துண்டாகக் கிடந்தன. யாரோ மண்வெட்டியோடு வந்து அழித்திருக்கிறார்கள் என்ற ஐயம் எழுந்தது. சூழலாளர்கள் விசாரணை கோரினர். நிறுவனம் தனக்குத் தொடர்பில்லை என்றது. சிதைந்த வேர்களில் ஒட்டியிருந்த மரபணுத் தடயங்களை ஆய்வகத்தில் சோதித்தபோது தரையணில்களின் அடையாளம் கிடைத்தது. அதற்கு முன் அந்தச் செடியை அணில்கள் இந்த அளவில் தோண்டியதாகப் பதிவு இல்லை. அது கடும் வறட்சி ஆண்டு. அந்தச் செடியின் வேர் தடித்தது, ஈரத்தைச் சேர்த்து வைப்பது. அணில்கள் தோண்டியது அந்த நீருக்காகவே என்பது காட்டுயிர்த் துறை உயிரியலாளர்களின் கருத்து.